200 மெகாபிட் லைன், மாடியில் 12: நடுவில் எங்கே போகிறது வேகம்?

கேள்வி: பாளையங்கோட்டையில் கீழும் மேலுமாக எங்கள் வீடு. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். ரூட்டர் கீழே ஹாலில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. மகள் மாடி அறையில் இருந்து வேலை பார்க்கிறாள்; வீடியோ மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வருகிறது. அங்கே லேப்டாப்பில் சோதித்தால் வைஃபையில் 12, மிஞ்சினால் 15. ரிப்பீட்டர் ஒன்று வாங்கி அவள் மேசையிலேயே வைத்துப் பார்த்தோம், பலனில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து மாடிக்கு லேன் கேபிள் இழுத்து டெஸ்க்டாப்பில் செருகினோம். அது 94க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. இணைப்பு கொடுத்தவர்கள் 300 திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: வேண்டாம். இன்றைய நிலையில் 300 என்ன, 1000 திட்டத்துக்கு மாறினாலும் உங்கள் டெஸ்க்டாப் அதே 94ஐத்தான் காட்டும்.

அந்த 94தான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி. லைனில் கோளாறு இருந்தால் வேகம் ஒரு நேரம் 60, ஒரு நேரம் 130 என்று ஆடும். காலையிலும் இராத்திரியிலும் ஒரே மாதிரி 94, 95 என்று நின்றால், வழியில் ஏதோ ஒரு இடம் 100 மெகாபிட்டோடு கதவைச் சாத்திவிட்டது என்று அர்த்தம். மீதி ஐந்தாறு எங்கே என்றால், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மேலும் முகவரி, சரிபார்ப்பு என்று ஒட்டுகிற சுமைக்குப் போய்விடும். கிகாபிட் இணைப்பிலும் இப்படித்தான்: 1000 என்று பேர், கைக்கு வருவது 940 சொச்சம்.

கதவைச் சாத்துவது மூன்று பேரில் ஒருவராக இருக்கலாம். ரூட்டரின் லேன் துளையே 100 வகையாக இருக்கலாம். இணைப்போடு வரும் பெட்டிகள் சிலவற்றில் ஒரு துளை மட்டும் கிகாபிட், மற்றவை 100. பழைய டெஸ்க்டாப்பாக இருந்தால் அதன் நெட்வொர்க் கார்டு. இல்லையென்றால் கேபிள். கேபிள் இழுத்த பிறகுதான் இந்த எண்ணைப் பார்த்தீர்கள் என்பதால் என் சந்தேகம் கேபிள் மேல்தான், அதிலும் அதன் இரண்டு முனைகள் மேல்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், ஜோடி ஜோடியாக முறுக்கியவை: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஒரு துணை. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். நீலமும் பழுப்பும் சேர்ந்தால்தான் கிகாபிட். அந்த இரண்டு ஜோடியில் ஒரு கம்பி பிளக்கின் ஊசியைத் தொடவில்லை என்றாலும் இரு முனையிலும் உள்ள கருவிகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. சில எலக்ட்ரீஷியன்கள் நான்கு கம்பியை நெட்டுக்குப் போட்டுவிட்டு மீதியைக் கேமராவுக்கோ காலிங் பெல்லுக்கோ வைத்துக்கொள்வதும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, 100 போதும் என்றிருந்த காலத்துப் பழக்கம் அது.

நீங்களே பார்த்துவிடலாம். பிளக் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். கொக்கி கீழ்ப்பக்கம், தங்க ஊசிகள் மேல்பக்கம், கேபிள் உங்கள் பக்கம் வரும்படி பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக நிறங்களைப் படியுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை வேண்டும். பச்சை ஜோடி நடுவில் பிரிந்து, நீலத்துக்கு இருபுறமும் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். தெரியாதவர்கள் கைவைத்தால் தப்புவது அங்கேதான். எட்டுச் செம்பு நுனிகளும் பிளக்கின் முன் சுவரை முட்டிக்கொண்டு தெரிய வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே தள்ளி நின்றால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

அதற்கும் முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று. லேப்டாப்பைக் கீழே கொண்டு வந்து, நல்ல கேபிள் ஒன்றால் நேராக ரூட்டரில் செருகி வேகம் பாருங்கள். லேப்டாப்பில் லேன் துளை இல்லாமல் யுஎஸ்பி அடாப்டர் மாட்டுகிறீர்கள் என்றால் அது கிகாபிட் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான அடாப்டர்கள் பலவும் 100தான். 190க்குப் பக்கத்தில் வந்தால் லைன் சுத்தம், மாடிக்குப் போன கேபிளையோ டெஸ்க்டாப்பையோ பிடியுங்கள். கீழேயும் 94 என்றால் துளையை மாற்றிச் செருகிப் பாருங்கள். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புக்குள் போனால் லிங்க் வேகம் என்று 100/100 அல்லது 1000/1000 என்று காட்டும். வேகச் சோதனை கூட வேண்டாம், அந்த எண்ணே கதையைச் சொல்லிவிடும்.

இடையில் ஒரு வார்த்தை. எம்பிபிஎஸ் என்று தமிழில் எழுதினால் டாக்டர் படிப்பும் இதுவும் ஒன்றாகத் தெரியும். குழப்பம் அதோடு நிற்பதில்லை. நெட் நிறுவனம் சொல்வது மெகாபிட். ஃபைல் இறக்கும்போது கணினி காட்டுவது மெகாபைட், அதாவது எட்டில் ஒரு பங்கு. 94 மெகாபிட் லைனில் ஃபைல் 11, 12 என்ற வேகத்தில் இறங்கினால் ஏமாற்றமில்லை, கணக்கு சரி.

இனி மகளின் அறை. 12 மெகாபிட் என்பது மீட்டிங்குக்குக் குறைவே இல்லை. நல்ல தரத்தில் வீடியோ பேச நாலைந்து மெகாபிட் போதும். அவளுக்குக் குறைவது வேகமில்லை, சீர். நம்பாவிட்டால் அவள் லேப்டாப்பில் கமாண்ட் திரையைத் திறந்து, ரூட்டரின் முகவரிக்கு பிங் (ping என்று தட்டி, பக்கத்தில் முகவரி) போட்டுப் பாருங்கள். முகவரி ரூட்டருக்கு அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. பதில் வரும் நேரம் மில்லி நொடியில் ஓடும். 3, 4, 3, 5 என்று ஓடினால் நல்லது. 4, 180, 7, 420, நடுவில் ஒரு டைம் அவுட் என்று குதித்தால், குரல் அறுபடுவது உங்கள் வீட்டுக்குள்ளேயே, ஹாலுக்கும் மாடி அறைக்கும் நடுவில். இணைப்பு கொடுத்தவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நடுவில் இருப்பது கம்பி கட்டிய கான்கிரீட் தளம். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரு அலைவரிசை, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொன்று. 5 வேகமானது, ஆனால் சுவரையும் தளத்தையும் தாண்டத் திணறும். 2.4 எப்படியோ மாடிக்கு ஏறிவிடும். ஆனால் அங்கே பக்கத்து வீடு, எதிர்வீடு, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே தெருவில் நெருக்கியடிக்கும். மகளின் லேப்டாப் 5ஐப் பிடிக்க முடியாமல் இந்த நெரிசலில்தான் நிற்கிறது. போதாததற்கு ரூட்டர் டிவிக்குப் பின்னால். டிவியின் உலோக முதுகு அலையைத் திருப்பி அடிக்கும். ஸ்டீல் பீரோ, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் எல்லாமே அலைக்குத் தடைதான்.

ரிப்பீட்டரைக் குறை சொல்லாதீர்கள், வைத்த இடம் தப்பு. அது கைக்கு வருவதைத்தான் திருப்பிச் சொல்லும். சிக்னல் செத்துப்போன மேசையில் அதை வைப்பது வற்றிய கிணற்றில் பெரிய மோட்டார் இறக்குவது போல. மாடிப்படித் திருப்பத்தில், சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில் வைத்திருந்தால் கொஞ்சம் உதவியிருக்கும். அப்போதும், சாதாரண ரிப்பீட்டர் கேட்பதும் பேசுவதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

உங்களுக்கு அதெல்லாம் எதற்கு? மாடிக்குக் கேபிள் ஏற்கெனவே வந்துவிட்டது, பாதிப் பேருக்கு அமையாத வசதி அது. முனைகளைச் சரி செய்த பிறகு, டெஸ்க்டாப்பில் செருகிய கேபிளை எடுத்து ஒரு இரட்டை அலைவரிசை ரூட்டரில் செருகி, மாடி அறையில் வையுங்கள். லேன் துளைகள் கிகாபிட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் வாங்கினால் மறுபடியும் 94. ரூட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் கொடுப்பது) என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாத பழைய ரூட்டர் என்றால், அதன் முகவரியைக் கீழே உள்ளதோடு மோதாத மாதிரி 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்திவிட்டு, கேபிளை WAN என்று போட்ட துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும்; போன் தானாக மாடியையும் ஹாலையும் மாற்றிப் பிடித்துக்கொள்ளும். 2.4இன் சேனல், அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தடம், மட்டும் வேறாக வேண்டும். 1, 6, 11 இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று விழாதவை. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. டெஸ்க்டாப்பை மாடி ரூட்டரின் இன்னொரு லேன் துளையில் மாட்டிவிடுங்கள். மகளின் லேப்டாப்பும் மேசையை விட்டு நகராது என்றால் அதற்கும் கம்பியே கொடுங்கள். நகராத பொருளுக்குக் கம்பி, நகரும் பொருளுக்கு வைஃபை. என் வீட்டில் டிவிக்குக்கூட கம்பிதான்.

கீழே உள்ள ரூட்டரை டிவியின் முதுகிலிருந்து எடுத்து, ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். நகர்த்தும்போது ஃபைபர் வயரில் கவனம். அது கண்ணாடி இழை, இறுக்கமாக மடித்தால் வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க நானே பீரோவை நகர்த்தி, அதன் காலுக்கடியில் ஃபைபரை மாட்டிவிட்டு, மூன்று நாள் நெட் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கீழே நேராகச் செருகிப் பார்த்தும் 200க்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் அப்போது அவர்களைக் கேளுங்கள். கேட்பதற்கு முன் மாத அளவு தீர்ந்துவிட்டதா பாருங்கள். அன்லிமிடெட் என்று விற்கும் பல திட்டங்களில் 3300 ஜிபி தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள். ரூட்டரின் அமைப்புத் திரையில், ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸ் எண்ணில் இருக்கும். மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போயிருந்தால் அந்த எண்ணைச் சொல்லியே புகார் கொடுங்கள். நெட் ஸ்லோ என்று சொல்வதைவிட ஆள் சீக்கிரம் வருவார்.

எலக்ட்ரீஷியன் திரும்ப வரும்போது இரண்டு விஷயம். லேன் கேபிளைக் கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் இழுத்திருந்தால் தனிப் பைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிள் வேண்டும். புதிதாக வாங்குவதானால் முழுச் செம்பில் Cat 6 வகைக் கேபிள் கேளுங்கள், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே கடையில் அதே நிறத்தில் கிடைக்கும். அப்புறம், கேபிள் டெஸ்டர் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் இரு முனையிலும் ஒரே வரிசையில் எரிந்த பிறகு காசு கொடுங்கள்.