செங்கலுக்கு மேலே கண்ணாடி

அய்யா,

"தரையில கண்ணாடி பதிச்சு லைட் போடுறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று சீர்காழியிலிருந்து போனில் கேட்டீர்கள். பெண் கணக்கில் கெட்டி, இன்ஜினியரிங் என்று முடிவு செய்து வைத்திருப்பீர்கள். அவளோ, தோண்டியெடுத்த பழைய இடங்களை அருங்காட்சியகமாக வடிவமைக்கப் படிக்கணும் என்கிறாள். கோபம் வரத்தான் செய்யும்.

லைட் போடுவது கடைசி வேலை அய்யா. கீழே கிடப்பது கெடாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. ஆதிச்சநல்லூரில் 2023-இல் முதுமக்கள் தாழி புதைத்த குழிகள் மேலேயே கண்ணாடி பதித்தார்கள். அது வறண்ட பரம்பு மேடு. நம் பக்கம் அப்படியா? பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் 1960-களில் தோண்டியெடுத்த செங்கல் படகுத்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டல் பூமி. ஐப்பசி அடைமழையில் நிலத்தடி நீர் மேலேறும். மூடி வைத்தால் கண்ணாடியின் அடியில் ஆவி படியும், செங்கலில் பாசி பிடிக்கும், உப்பு பூத்துப் பொரிந்து உதிரும். காற்று எப்படிப் போகும், தண்ணீர் எங்கே வடியும், துடைக்க ஆள் எப்படி இறங்குவார் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தாங்கும் தூணை எங்கே ஊன்றுவது என்பது அடுத்த தலைவலி. ஏதென்ஸில் 2009-இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் அடியில் ஒரு பழைய குடியிருப்பே கிடக்கிறது. அதன் சுவர்களுக்கு நடுவே இடம் பார்த்துப் பார்த்துத் தூண் நிறுத்தினார்கள். லண்டனில் ரோமானியர் கட்டிய மித்ராஸ் கோயிலில் உயரச் சுவர்கள் இன்று இல்லை. புகைமூட்டத்தில் ஒளியைப் பாய்ச்சி, சுவர் நிற்பதுபோலவே காட்டுகிறார்கள். இதற்கெல்லாம் கணக்கு தெரிந்த பிள்ளைதான் வேண்டும்.

"மியூசியம் மல்டிமீடியா" என்று ஆறு மாதச் சான்றிதழ் விற்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள். அகமதாபாத் என்.ஐ.டி.யில், அதாவது தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், கண்காட்சி வடிவமைப்புக்கென்றே நான்கு வருட பி.டெஸ். பட்டப்படிப்பு உண்டு, நுழைவுத்தேர்வு இரண்டு கட்டம். ஆர்க்கிடெக்சர் ஐந்து வருடம், அதற்கு நாட்டா என்ற நுழைவுத்தேர்வு. இரண்டையும் எழுதட்டும். என்னைக் கேட்டால் ஆர்க்கிடெக்சர்தான். அருங்காட்சியக வேலை வராத வருடத்திலும் சோறு போடும். தொல்லியலைப் பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். அரசுப் பணியிடம் குறைவு. வேலை டெண்டரை நம்பி வரும். முதல் சில வருடம் சென்னையிலோ பெங்களூரிலோ ஒப்பந்தச் சம்பளம்தான். பொறுக்க முடியுமா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கீழையூருக்கு அழைத்துப் போங்கள். செங்கலைத் தொடாமல், காலடியால் அளந்து, பார்க்க வருபவர் எங்கே நிற்பார், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நோட்டில் வரையட்டும். அந்த நோட்டோடு இருவரும் மாயவரம் வாருங்கள்.