தலைகீழாகத் தொங்கும் இரண்டு

வணக்கம் ஐயா,

இரண்டு நன்னீர்ப் பூச்சிகளை ஒப்பிட்டு எழுதச் சொல்லி என் மகனுக்குப் பள்ளியில் புரோஜெக்ட். வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் ஒரு கறுப்பு வண்டும் கொசுப்புழுவும் ஒரே மாதிரி வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்குகின்றன. இரண்டும் சொந்தமா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள அம்மா,

சொந்தமெல்லாம் இல்லை. ஆனால் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீரிலேயே கிடந்தாலும் இரண்டுக்கும் மூச்சு மேல்காற்றில்தான், அதுவும் வால் பக்கமாக. கொசுப்புழு வாலில் இருக்கும் குழாயை மேலே நீட்டிக் காற்று வாங்கும் (மலேரியா கொசுவின் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது, தண்ணீர் மட்டத்தோடு படுத்தே கிடக்கும்). தண்ணி வண்டு காற்றைக் கெட்டியான மேல் சிறகுக்கு அடியில் அடைத்துக்கொண்டு முங்கிவிடும், தீர்ந்தால் மறுபடி மேலே வரும்.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும், வாய்க்காலில் எண்ணெய் அடிப்பது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நீரை வடியவைத்து அங்கே மலேரியாவைக் குறைத்தார். அதே வைத்தியம் மலைத்தோட்டங்களில் பலிக்கவில்லை, ஏனென்றால் அங்கே நோய் பரப்பிய மெக்குலாத்தஸ் கொசுவுக்கு வெயில் படுகிற தெளிந்த ஓடைதான் பிடிக்கும், ரப்பர் நடக் காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டதே அதற்கு வசதியாகப் போயிற்று. எண்ணெய் வந்தது அதற்குத்தான். மேலே ஏடு கட்டினால் புழு மூச்சு முட்டிச் சாகும். வண்டுக்கும் மேலே வந்துதானே ஆகவேண்டும், அதற்கும் அதே கதிதான். இத்தனைக்கும் அந்த வண்டின் குஞ்சுப்புழு கொசுப்புழுவைப் பிடித்து, அரிவாள் மாதிரி வளைந்த தாடையைக் குத்தி உள்ளேயே கரைத்து உறிஞ்சிவிடும்!

அதற்காக டெங்கிக்கு வண்டை நம்பாதீர்கள். ஏடிஸ் முட்டையிடுவது பூச்சட்டித் தட்டிலும் பழைய டயரிலும், வண்டுக்கோ கூட்டுப்புழுவாக ஈரமான மண்கரை வேண்டும். கொசு அந்தப் பருவத்தையும் தண்ணீரிலேயே முடித்துக்கொள்ளும், பத்து நாளுக்குள் பறந்தும்விடும். வாரம் ஒருமுறை நீங்கள்தான் தண்ணீரைக் கொட்டவேண்டும்.

பையன் வண்டைப் பிடித்து வைத்தால் பாட்டில் வாயைத் துணியால் கட்டச் சொல்லுங்கள். ராத்திரியானால் அதுவும் பறக்கும்.