வட்டம் ஏன் இடம் மாறுகிறது?

கேள்வி: எக்ஸ்² + ஒய்² − 6எக்ஸ் + 4ஒய் − 12 = 0. பிளஸ் டூ படிக்கும் என் மகள் இதை வரையும்போதெல்லாம் வட்டம் தப்பான இடத்தில் விழுகிறது. ஏன்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பெரும்பாலும் குறிதான் காரணம், அம்மா. எக்ஸ், ஒய் கெழுக்களை (அவற்றின் முன்னால் உள்ள எண்களை) பாதியாக்கிக் குறியை மாற்ற வேண்டும்: −6 என்பது 3, +4 என்பது −2. ஆக மையம் (3, −2). குறியை மாற்றாவிட்டால் (−3, 2)-க்குப் போய்விடும். அதாவது எதிர்க் கால்பகுதிக்கு.

ஆரத்துக்கு, மையத்தின் 3, −2 இரண்டின் வர்க்கங்களோடு, கடைசி எண் −12-ஐக் குறி மாற்றிக் கூட்ட வேண்டும்: 9 + 4 + 12 = 25; வர்க்கமூலம் 5. பலர் 25-ஐயே ஆரமாக எடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு என்றே வைக்கட்டும். அளவுத்திட்டம் வேறுபட்டால் காம்பஸில் போட்ட வட்டம் சரியான புள்ளிகள் வழியே போகாது. மையத்திலிருந்து நாலு பக்கமும் 5 அலகு நகர்ந்தால் (8, −2), (−2, −2), (3, 3), (3, −7). எனக்குப் பிடித்த சோதனை 3-4-5: மையத்திலிருந்து வலப்புறம் 3, மேலே 4 போனால் (6, 2). அதைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 36 + 4 − 36 + 8 − 12 = 0. வரைந்த வட்டம் இந்தப் புள்ளி வழியே போயே ஆக வேண்டும்.

எக்ஸ்², ஒய்² முன்னால் 2 இருந்தால், முதலில் முழுச் சமன்பாட்டையும் 2-ஆல் வகுத்துவிட வேண்டும்.