தங்கம் இல்லாத ஓட்டி

வணக்கம் ஐயா,

ஜமைக்காவின் மெர்லீன் ஓட்டியை ‘வெண்கல ராணி’ என்று கேலி செய்வார்களாமே? ஏழு ஒலிம்பிக்கில் ஓடியும் ஒரு தங்கம்கூட இல்லை. துரதிர்ஷ்டமா, திறமைக் குறைவா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேலி செய்தது உண்மைதான். 1980 மாஸ்கோவில் ஒரு வெண்கலம், 1984 லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு, 1992 பார்சிலோனாவில் இன்னொன்று. அப்படி ஒரு பெயர் வராமல் எப்படி இருக்கும்? ஆனால் திறமைக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1993, 1995 உலகப் போட்டிகளில் 200 மீட்டர் தங்கம் அவருக்குத்தான். 1993-ல் உள்ளரங்கில் அதே தூரத்தை 21.87 விநாடியில் ஓடி உலக சாதனையும் படைத்தார்.

100 மீட்டரில்தான் சிக்கல். ஓட்டி மெதுவாகக் கிளம்பி, பாதி தூரத்துக்கு மேல்தான் முழு வேகம் பிடிப்பார். அமெரிக்காவின் கெயில் டெவர்ஸ் துப்பாக்கி வெடித்ததுமே முன்னால் போய்விடுவார். 1993 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் இருவருக்கும் 10.82 விநாடி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இருவருக்கும் ஒரே நேரம், 10.94. இரண்டு முறையும் புகைப்படத்தைப் பார்த்து டெவர்ஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள். தலையோ காலோ முதலில் கோட்டைத் தொட்டால் கணக்கில்லை, உடல் தொட வேண்டும். இதைத் துரதிர்ஷ்டம் என்றால் சரி, நானும் ஆமோதிக்கிறேன்.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்தது அதற்குப் பிறகுதான். 1999-ல் ஊக்கமருந்துப் புகாரில் சிக்கினார், 2000-ல் விடுவிக்கப்பட்டார். அந்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்கான தேர்வில் நான்காவதாக வந்தவரை 100 மீட்டருக்குச் சேர்த்ததும் சக வீரர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. இடம் பறிபோன பெண்ணுக்கும் அது ஒலிம்பிக்தானே! 40 வயதில் இறுதிப் போட்டியில் நான்காவதாக வந்தார். தொடரோட்டத்தில் வெள்ளி. 100 மீட்டரில் முதலில் வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்து காரணமாகப் பறிக்கப்பட்டதால், 2009-ல் அந்த நான்காம் இடம் வெண்கலமானது. ஆக மொத்தம் ஒன்பது பதக்கம்: மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம். கேலி செய்தவர்களுக்கு இன்னொன்று கிடைத்தது!

அப்புறம் 2002-ல் ஸ்லோவேனியா நாட்டுக் குடிமகளானார். 2004 ஏதென்ஸில் 44 வயதில் 100 மீட்டர் அரையிறுதி வரை வந்தார். 2010-ல் ஐரோப்பியப் போட்டியில் ஸ்லோவேனியாவுக்காகத் தொடரோட்டம் ஓடியபோது வயது 50. அணி தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. தங்கம் கிடைக்காத ஏக்கம்தான் அவரை ஓடவைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அணியில் இருந்துகொண்டு யார் தங்கக் கனவு காண்பார்கள்?