தம்பி போனில் ஆப் போடலாமா?

கேள்வி: என் வாப்பாவுக்கு 71 வயது. அடிக்கடி மயங்கி விழுந்ததால், இரண்டு மாதத்துக்கு முன் மதுரையில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே கருவியைக் கவனிப்பார்களாம். வாப்பாவிடம் இருப்பதோ பட்டன் போன். துபாயில் இருக்கும் என் தம்பி, "என் போனில் போடுகிறேன், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். போடலாமா? போட்டால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லையா?
– வாசகி, கீழக்கரை

பதில்: தம்பியின் பாசம் புரிகிறது. ஆனால் அவர் போன் இதற்கு உதவாது. நெஞ்சில் இருக்கும் கருவிக்கு மதுரை வரைக்கும் பேசத் தெம்பு கிடையாது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி பல வருஷம் ஓட வேண்டுமே! அதனால் பக்கத்தில் இருக்கும் போனுக்கு ப்ளூடூத் வழியாகத் தகவலைக் கொடுத்துவிடும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது போனின் வேலை. ஆகவே வாப்பாவின் கட்டிலுக்கு ஐந்தடிக்குள் ஒரு ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் தூங்கும் நேரத்தில்தான் தகவல் போகும். எந்தெந்த போனில் அந்த ஆப் ஓடும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். போனே வேண்டாம் என்றால், இதே வேலையைச் செய்யும், தலைமாட்டில் வைக்கும் பெட்டி உண்டா என்று கேளுங்கள். சில பழைய மாடல் கருவிகளுக்கு அந்தப் பெட்டி மட்டும்தான்.

மண்டபத்தில் என் பெரியம்மாவுக்கும் இதே கருவிதான். ஆப்பை நானே போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரமாகத் தகவல் வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், போன் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. பெரியம்மா காற்றுக்காகத் திண்ணையில் படுக்கிறார். போதாக்குறைக்கு, சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்று பேரன் ப்ளூடூத்தையும் அணைத்து வைத்திருக்கிறான். டாக்டர் வீட்டு லட்சணம் இது! இப்போது திண்ணைச் சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரு துணிப்பை, பைக்குள் போன்.

தகவல் என்று எதைச் சொல்கிறேன்? பேட்டரி எவ்வளவு மிச்சம், இதயத்துக்குள் போகும் ஒயர் சரியாக இருக்கிறதா, துடிப்பு தாறுமாறாக ஓடியதா என்பதெல்லாம்தான். கடைசியாகச் சொன்னது முக்கியம். இதயத்தின் மேலறை படபடவென்று நடுங்கினால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். பல சமயம் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. முன்கூட்டித் தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுக்கப் பார்க்கலாம். பாம்பனில் நாட்டுப்படகுக்குப் போகும் ஒருவர், "கடலில் டவரே இல்லையே சார்" என்று கவலைப்பட்டார். அதனால் பாதகமில்லை. கருவி தகவலைக் குறித்து வைத்துக்கொண்டு, அவர் வீட்டுக்கு வந்து படுத்ததும் கொடுத்துவிடும்.

ஆனால் அந்தப் பக்கம் யாரும் ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. வேலை நேரத்தில்தான் பார்ப்பார்கள். வாப்பாவுக்கு மறுபடி மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் ஆப்பைத் திறந்து பார்க்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

மதுரைப் பயணம் அடியோடு நிற்காது, குறையும். தகவல் விடாமல் போய்க்கொண்டிருந்து, கோளாறும் இல்லையென்றால், நேரில் பார்ப்பதை 24 மாதம் வரை தள்ளலாம் என்று 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. புதிதாக வைத்தவர்களுக்கு இது பொருந்தாது. ஆரம்பப் பரிசோதனைகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கருவியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் நேரில்தான் வர வேண்டும். ஆப் பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான்.

அப்புறம், போனைச் சட்டையின் நெஞ்சுப் பையில் போட வேண்டாம் என்று வாப்பாவிடம் சொல்லுங்கள். கருவிக்கும் போனுக்கும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். கருவியை இடது பக்கம் வைத்திருந்தால் வலது காதில் பேசட்டும்.

தம்பிக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாதம் தவறாமல் அந்த போனுக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். பெரியம்மா வீட்டில் இரண்டாவது தடவை தகவல் நின்றது நெட் பேக் தீர்ந்துதான்.