தொங்கவிட்டு முறுக்காதீர்கள்

கேள்வி: பள்ளத்தில் இறங்கினால் காரின் முன்பக்கம் ‘டக் டக்’ என்கிறது. சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம், அதன் நுனி மூட்டான பால் ஜாயின்ட், சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்ட், கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராட் எல்லாம் அடங்கிய முழு செட் வாங்கிவிட்டேன். எதை முதலில் மாற்றுவது?

பதில்: வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள், திருப்பித் தர வழியிருக்கும். காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரத்தின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ராட் எண்டைப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் அந்த ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். சின்னச் சின்ன மேடுகளில் மட்டும் சத்தம் என்றால் பெரும்பாலும் லிங்க் ராடுதான், அது ஒரு பக்கத்துக்கு இரண்டு நட்டு வேலை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு பிடிக்கும் மேல்பகுதி. நீங்கள் வாங்கிய செட்டில் அது இல்லவே இல்லை.

கேள்வி: ஒரு பக்க ஸ்ட்ரட்டில் மட்டும் எண்ணெய் ஒழுகுகிறது. ஒன்று மட்டும் வாங்கலாமா?

பதில்: கூடாது. ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: லோயர் ஆர்ம் இரண்டையும் வீட்டிலேயே மாற்றினேன். ஆறே மாதத்தில், சட்டத்தோடு அவை சேரும் இடத்திலுள்ள புஷ் ரப்பர் கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கா?

பதில்: சரக்கைக் குறை சொல்லும் முன் யோசித்துப் பாருங்கள். புஷ் போல்ட்டை முறுக்கியபோது சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததா? வீட்டில் வேலை பார்ப்பவர்கள் மட்டுமல்ல, ஒர்க்‌ஷாப்களிலும் இந்தத் தவறு நடக்கிறது.

புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய், வெளியே இன்னொன்று, இரண்டோடும் ஒட்டியபடி இடையில் ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு இறுகிவிடும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்கிச் சுற்றுவதில்லை, ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கிய உடனே ரப்பர் முறுகிப்போகும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அது முறுகியே இருக்கும். மேட்டில் ஏறினால் இன்னும் முறுகி, ஓரத்தில் கிழியத் தொடங்கும்.

வேலை தொடங்கும் முன், கார் தரையில் நிற்கும்போதே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது ஆர்மை ஏற்றி, போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விடுங்கள். பால் ஜாயின்டுக்குப் பக்கத்தில் அடியில் ஜாக்கி கொடுத்து, அந்த அளவு வரும்வரை தூக்குங்கள். அதன்பிறகே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சை எடுத்து, உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். பாகத்தோடு ஒரு துண்டுத் தாளில் இதை அச்சடித்துக் கொடுக்க விற்பவர்களுக்கு என்ன செலவாகிவிடும்?

கேள்வி: ஒரிஜினல் என்று விற்ற பால் ஜாயின்ட் மூன்றே மாதத்தில் ஆடுகிறது. நானே மாட்டியதால் பொறுப்பில்லை என்கிறார் கடைக்காரர்.

பதில்: போலிச் சரக்கு யார் மாட்டினாலும் போலிதான். அவர் பேச்சைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். கழற்றும் முன் ஆட்டத்தை வீடியோ எடுங்கள். பாகம், பெட்டி, பில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில் உள்ள பார்ட் நம்பரையும் பாகத்தின் உடம்பில் பொறித்த எழுத்துகளையும் கிட்டத்தில் படமெடுத்துத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பி, இது உங்களுடையதா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு கடைக்குப் போங்கள். அதுவரை அந்தக் காரை எடுக்காதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்து, கார் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

கேள்வி: ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மலிவு என்று நான் வாங்கியதன் கொக்கி முதல் ஸ்பிரிங்கிலேயே வளைந்தது. அழுத்திய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். தரமான கருவியை வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங்கும் மவுண்டும் பூட்டியே வரும் முழு ஸ்ட்ரட்டாக வாங்குங்கள்.

கேள்வி: டை ராட் எண்ட் நட்டை முறுக்கியபின், அது கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை. கொஞ்சம் தளர்த்தலாமா?

பதில்: தளர்த்தவே கூடாது. நட்டின் அடுத்த வெட்டு ஓட்டைக்கு நேராக வரும்வரை இன்னும் முறுக்குங்கள். ஸ்ப்ளிட் பின் புதிதாக இருக்கட்டும். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணியிருந்தால் புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். அந்தக் கணக்கு வீல் அலைன்மென்ட் செய்யும் இடம் வரை மெதுவாக ஓட்டிப்போக மட்டும்தான்.