சுவர் பாயிண்டில் நேராகச் செருகுங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். வேலைக்காக வெளிநாடு வந்து மூன்று வாரம் ஆகிறது, பலர் பங்கு போட்ட பழைய வீட்டின் மாடியில் ஒரு அறை, ரௌட்டர் கீழே கூடத்தில், இடையில் தடித்த சுவர்கள், வைஃபை அறை வாசலோடு நின்றுவிடுகிறது, ஓட்டை போட்டுக் கேபிள் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கொண்டுவரும் பவர்லைன் அடாப்டர் போட்டால் சரியாகுமா, 600 என்று போட்ட பெட்டியா 2000 என்று போட்ட பெட்டியா, கூடவே எந்த சிம், எந்த வங்கி என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிம்மும் வங்கியும் உங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அடாப்டரைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நீங்கள் இருக்கிற மாதிரி ஒரு அறையில் நானும் இருந்திருக்கிறேன்.

நான் வந்தது 2011-இல். ஐந்து பேர் பங்கு போட்டு எடுத்த வீடு, எனக்குக் கிடைத்தது மேலே கடைசி அறை. மாடிப்படியில் மேலிருந்து நாலாவது படியில் உட்கார்ந்தால் மட்டும் வைஃபை இரண்டு கோடு காட்டும். அந்தப் படியில்தான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அம்மாவோடு ஸ்கைப்பில் பேசுவேன். யாராவது ஏறி இறங்கினால் எழுந்து வழிவிட வேண்டும். அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். ஒரு வேலைக்கு வீடியோவில் நேர்காணல் நடந்தபோதும் அதே கதைதான். நான் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவர்களுக்கு என் உறைந்த முகம் மட்டும் தெரிந்திருக்கிறது. அந்த வேலை கிடைக்கவில்லை.

எனக்கு முன்னால் வந்து பல வருடம் ஆனவர்களிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." நம்மவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதுதான். வீட்டில் மீட்டர் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பத்து வருடம் வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பார்கள். புதிதாக வந்தவர் ஒரு கேள்வி கேட்டால் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு எட்டு மாதம் படியில் உட்கார்ந்தேன். நீங்கள் உட்காரக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பவர்லைன் அடாப்டர் எப்போதும் ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒன்றை ரௌட்டருக்குப் பக்கத்தில் செருகி, லேன் கேபிளால் ரௌட்டரோடு இணைக்க வேண்டும். இன்னொன்றை உங்கள் அறையில் செருகி, அதிலிருந்து லேப்டாப்புக்குக் கேபிள் எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் தகவல் போவது சுவருக்குள் ஏற்கனவே ஓடுகிற மின்கம்பியில். மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதே கம்பியில் ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸிலிருந்து 28 வரை, ஏவி2 என்ற பிந்தைய வகையில் 86 வரை, தகவலை ஏற்றி அனுப்புகிறார்கள். அதனால் ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. ஹோம்பிளக் என்ற தரம் 2001-இல் வந்தபோது வேகம் 14 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு 14 மெகாபிட்). 2005-இல் ஹோம்பிளக் ஏவி வந்து 200 ஆனது. நான் முதலில் வாங்கியது அந்த 200 ஜோடி.

இப்போது பெட்டியில் போட்டிருக்கும் எண். அதை நம்பி வாங்காதீர்கள். 600, 1000, 2000 எல்லாம் கம்பியில் ஏட்டளவில் ஓடக்கூடிய மொத்த வேகம். போகிறது வருகிறது இரண்டும் அதே கம்பியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிழை திருத்தத்துக்கும் அடாப்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சைகைகளுக்கும் ஒரு பகுதி போய்விடும். இன்னொன்றையும் பாருங்கள்: 600 என்று போட்ட பல மாடல்களில் கேபிள் செருகும் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். அதற்கு மேல் அதிலிருந்து எப்படி வரும்? என் பழைய வீட்டில் பின்னால் வாங்கிய 600 ஜோடி ஒரு பாயிண்டில் 70 கொடுத்தது. அதே அறையில், கட்டிலுக்குப் பின்னால் இருந்த பாயிண்டில் 18 கொடுத்தது. ஒரே சுவர், நாலு அடி தூரம். கட்டிலுக்குப் பின்னால் இருந்தது வேறு சர்க்யூட், கம்பி மின்பெட்டி வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் எந்த மாடல் என்று என்னைக் கேட்டுப் பயனில்லை, உங்கள் வீட்டுக் கம்பிதான் முடிவு செய்யும். திருப்பிக் கொடுக்க அனுமதிக்கிற கடையில் வாங்குங்கள், பெட்டியைக் கிழிக்காமல் பிரியுங்கள், அறையில் இருக்கிற ஒவ்வொரு பாயிண்டிலும் போட்டுப் பாருங்கள். கேபிள் போர்ட் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்கிற தப்பு ஒன்று உண்டு. அடாப்டரைக் கொண்டுபோய் ஸ்பைக் பஸ்டரில் செருகுவார்கள். ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வடிகட்டியின் வேலையே மின்கம்பியில் வரும் உயர் அலைவரிசை மின் இரைச்சலை விழுங்குவது. அதற்கு உங்கள் இணையமும் இரைச்சலும் ஒன்றுதான், இரண்டையும் விழுங்கிவிடும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். சுவரில் இருக்கிற பாயிண்டில் நேராகச் செருகுங்கள். இருப்பது ஒரே பாயிண்ட்தான் என்றால், முகப்பில் இன்னொரு பிளக் செருக இடம் விட்ட அடாப்டர் கிடைக்கிறது. அதை வாங்கி, உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அதன் முகப்பில் செருகிக்கொள்ளுங்கள். அந்த வகை அடாப்டர்களில் முகப்பில் செருகிய சாதனங்களின் இரைச்சலைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அடாப்டரை டிராவல் பிளக்கில் மாட்டிச் செருகுவதும் வேண்டாம். அந்த மாற்று பிளக்குகள் பலவற்றில் எர்த் பின்னே கிடையாது. ஏவி2 வகை அடாப்டர்கள் பல ஃபேஸ், நியூட்ரலோடு எர்த் கம்பியையும் இன்னொரு பாதையாகப் பயன்படுத்திக்கொள்ளும், எர்த் இல்லாவிட்டால் அந்தப் பாதை போய்விடும். வேகம் கிடக்கட்டும், நாள் முழுக்கச் செருகியே இருக்கிற பொருள் ஆடுகிற பிளக்கில் இருந்தால் சூடேறும். வந்த இடத்து பிளக்கோடு வரும் அடாப்டரையே வாங்குங்கள்.

அடுத்தது இரைச்சல். வைஃபைக்கு மைக்ரோவேவ் எப்படியோ, பவர்லைனுக்கு ஹேர் டிரையரும் வாக்வம் கிளீனரும் அப்படி. மட்டமான சார்ஜர், விலை குறைந்த எல்இடி பல்பு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர், எல்லாம் கம்பியில் குப்பையைக் கொட்டும். அந்த வீட்டில் தினமும் காலை ஏழரைக்கு என் இணைப்பு போய்விடும். என் அடாப்டரில் ஒரு சின்ன விளக்கு, இணைப்பு நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் ஆரஞ்சு, மோசம் என்றால் சிவப்பு. ஒரு நாள் தரையில் குந்தி உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் ஹேர் டிரையர் உய்யென்று கிளம்பியது, பச்சை சிவப்பானது. நின்றது, இரண்டு மூச்சு விடுவதற்குள் மறுபடி பச்சை. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன், டிரையரைக் குளியலறை வாசலில் இருக்கிற பாயிண்டில் போட்டுக்கொள்ளச் சம்மதித்தாள். அது வேறு சர்க்யூட், அன்றோடு பிரச்சினை தீர்ந்தது. உங்கள் வீட்டிலும் இணைப்பு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் போனால், நிறுவனத்துக்குப் போன் போடுவதற்கு முன் ஒவ்வொரு சார்ஜராகப் பிடுங்கிப் பாருங்கள்.

பங்கு வீடு என்றதால் இதையும் சொல்ல வேண்டும். மின்கம்பியில் போகிற சிக்னல் உங்கள் அறைச் சுவரோடு நிற்பதில்லை. ஒரே கட்டடத்தில் பொதுவான வயரிங் இருந்தால் பக்கத்து வீடு வரை போகலாம். பல அடாப்டர்கள் ஆலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ரகசியச் சாவியோடு (கடவுச்சொல் மாதிரி) வரும். ஒரு நாள் என் கணினியில் யாருடைய பிரிண்டரோ தெரிந்தது. எங்களில் யாரிடமும் பிரிண்டர் இல்லை. கீழ்த்தளத்தில் குடியிருந்தவரும் அதே வகை அடாப்டர் வைத்திருந்திருக்கிறார். வாங்கியதும் ஜோடியின் இணைப்புப் பொத்தானை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திவிடுங்கள், இரண்டு நிமிடத்துக்குள் அழுத்த வேண்டும். அப்போது உங்களுக்கென்று புதுச் சாவி உருவாகும், தகவல் 128 பிட் குறியீட்டில் போகும். சோம்பல்பட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் பழைய அடாப்டரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஒற்றை அடாப்டரைக் கொடுத்து "இன்னொண்ணு எதை வேணும்னாலும் வாங்கிச் சேர்த்துக்கோ" என்பார்கள். நம்பாதீர்கள். ஹோம்பிளக் வகையும், ஜி.எச்.என் என்ற இன்னொரு தரத்து வகையும் ஒன்றோடொன்று பேசாது. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கவும் செய்யும். ஜோடியாக, ஒரே வகையாக வாங்குங்கள்.

போட்டும் வேலை செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் வயரிங்தான். இரண்டு பாயிண்டும் வேறு வேறு ஃபேஸில் இருக்கலாம். மாடி பிற்பாடு கட்டியதாக இருந்து அதற்குத் தனி மீட்டர் இருக்கலாம். தீப்பொறியைக் கண்டதும் விழுகிற புது வகை பிரேக்கர் சிக்னலைக் குறைக்கலாம். வீட்டுக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களாக மின்பெட்டியைத் திறக்க வேண்டாம். உங்களுக்கு இணையம் வருவது டெலிபோன் கம்பி வழியாக என்றால், அடாப்டரையும் அந்தக் கம்பியையும் தள்ளி வையுங்கள். டெலிபோன் கம்பியில் வரும் விடிஎஸ்எல் இணையமும் பவர்லைனும் ஒரே அலைவரிசைகளில் ஓடுவதால் வீட்டுக்கு வருகிற வேகமே குறையலாம்.

வீட்டில் அங்கங்கே வைஃபை பெட்டிகளை வைக்கிற மெஷ் வாங்கச் சொல்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அந்தப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பெரும்பாலும் வைஃபையில்தான் பேசும், அதே தடித்த சுவரைத்தான் தாண்ட வேண்டும். டிவி கேபிள் பாயிண்ட் இரண்டு அறையிலும் இருந்தால் அந்த டிவி கேபிள் வழியாக இணையத்தை அனுப்பும் மோகா என்ற அடாப்டர் பவர்லைனைவிட நல்லது. எல்லாவற்றையும்விட நல்லது லேன் கேபிள்தான். தட்டையான கேபிள் கிடைக்கிறது, கதவுக்கு அடியில் நுழையும், சுவர் ஓரமாகப் படியோடு ஒட்டிக்கொண்டு வரலாம், ஓட்டை தேவையில்லை. ஒரு வீட்டுக்குள் இழுக்கிற தூரத்துக்கு ஒரு குறையும் வராது. வீட்டுக்காரரிடம் "ஓட்டை போடலாமா" என்று கேட்காமல், "ஓட்டை போடாமல் ஓரமாக ஒட்டிக்கொள்கிறேன், காலி செய்யும்போது எடுத்துவிடுகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். என் வீட்டுக்காரர் அதற்கும் சம்மதிக்கவில்லை, அதனால்தான் நான் பவர்லைனுக்குப் போனேன். மீட்டர் எது, எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று ஒரு தாளில் வரைந்து வைத்தேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த 200 ஜோடியை வாங்கி வந்த அன்று இரவே செருகினேன். சிவப்பு. பாயிண்டை மாற்றினேன், ஆரஞ்சு. மேசையைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குக் கீழே இருந்ததில் போட்டேன், பச்சை. மேசையை ஜன்னல் பக்கமே இழுத்துப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுபடி உறைந்துவிட்டதோ என்று பயந்து "அம்மா, கேக்குதா?" என்றேன். "கேக்குது. நீ வீடு மாறிட்டியா? முகம் இவ்வளவு தெளிவாத் தெரியுதே" என்றார்கள்.

ஜோடியை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, எந்தப் பாயிண்டில் விளக்கு என்ன நிறம் காட்டியது என்று எழுதுங்கள், தம்பி.